உயர்த்திய பிக்கப் வண்டியின் சக்கரக் கோணங்கள்

அமெரிக்காவில் டொயோட்டா டக்கோமா போன்ற பிக்கப் வண்டிகளைக் கரடுமுரடான பாதைக்கென முன்புறம் 2 அல்லது 3 அங்குலம் உயர்த்தும்போது, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் சாய்வு மாறுவதால், சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான காஸ்டர் குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி நேராக ஓடாமல் அலைபாய்கிறது. கீழ் ஆர்மிலுள்ள கேம் போல்ட்டுகளைத் திருப்பிக் காஸ்டரையும், சக்கரம் உட்புறமோ வெளிப்புறமோ சாயும் அளவான கேம்பரையும் ஓரளவு மீட்கலாம். அந்தப் போல்ட்டுகள் திரும்பும் எல்லையைத் தொட்ட பின்னும் காஸ்டர் போதாவிட்டால், உயர்த்திய வண்டிக்கென வடிவமைத்த மேல் ஆர்ம்களைப் பொருத்துவதே முறை. சக்கரங்களின் முன்விளிம்புகள் உட்குவியும் அல்லது வெளிவிரியும் அளவான டோ, முதலிரண்டும் மாறினால் தானும் மாறுவதால், ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி இறுதியில்தான் அதைத் திருத்த வேண்டும். பட்டறை டோவை மட்டும் திருத்திக் கொடுப்பதை முழுமையான அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணச் சீரமைப்பு, என்று ஏற்கவே கூடாது. பட்டறை தரும் அளவுத்தாளில் காஸ்டர் எண்ணையே முதலில் பார்க்க வேண்டும்.