பிறந்தது பெரம்பலூர்... இருப்பது அரியலூர்! பர்த் சர்டிஃபிகேட்டை எங்கே தேடுவது?

ஜெயங்கொண்டம் பக்கம் 2005-ல் பிறந்தவரா நீங்க? பீரோவுல இருக்கிற பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்க. மாவட்டம் 'பெரம்பலூர்'னு இருக்கும். ஆதார்ல அரியலூர். 'ஐயய்யோ, தப்பா போட்டுட்டாங்களே'னு பதற வேண்டாம். மாறினது மாவட்டம்தான்.

1995-ல் திருச்சியிலிருந்து பிரிஞ்சது பெரம்பலூர். 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூர் தனியாச்சு. அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. 2007 நவம்பர் 23-ல் திரும்பவும் தனி மாவட்டம். ஆக, ஒரே வீட்டுல 1993, 1999, 2008-ல் பிறந்த மூணு பேர் சான்றிதழ்லயும் மூணு மாவட்டம் இருக்கலாம்! பதிவான விவரம் தப்பா இருந்தாதான் திருத்தம். அன்னிக்கு உங்க ஊர் எந்த மாவட்டத்துல இருந்துச்சோ, அதைப் போட்டது தப்பே இல்லை.

சரி, பீரோவுல சான்றிதழே இல்லைன்னா? இங்கதான் அலைச்சல் ஆரம்பிக்குது. உங்க சொந்த ஊர் எதுங்கிறது கணக்கில்லை. எங்க பிறந்தீங்களோ, அங்கதான் பதிவு. குடும்பம் செந்துறையில இருந்தாலும், பிரசவம் திருச்சி டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நடந்திருந்தா, திருச்சி மாநகராட்சியிலதான் தேடணும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போறது நம்ம வழக்கமாச்சே... வீட்டுக்கு மூத்த பிள்ளைன்னா, உங்க பதிவு அம்மாச்சி ஊர்ல இருக்க வாய்ப்பு அதிகம். அதனால வரிசையில நிக்கிறதுக்கு முன்னாடி, 'நான் எந்த ஊர்ல, எந்த ஆஸ்பத்திரியில பிறந்தேன்?'னு அம்மாகிட்ட கேட்டுடுங்க.

கிராமத்துல வீட்டுலயே நடந்த பிரசவம்னா வி.ஏ.ஓ-தான் பதிவாளர், பழைய பதிவேடுகளுக்கு தாலுகா ஆபீஸ். ஆரம்ப சுகாதார நிலையம்னா அங்குள்ள சுகாதார ஆய்வாளர். 2018 ஜனவரி 1 முதல் பதிவானதுன்னா, போன்லயே டவுன்லோடு பண்ணிக்கலாம்.

உங்களுக்காவது டென்த் மார்க் ஷீட், லைசென்ஸைக் காட்டி பாஸ்போர்ட் எடுக்க வழி இருக்கு. உங்க அக்கா குழந்தைக்கு அது இல்லை. சட்டத் திருத்தப்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவங்களுக்குப் பிறந்த தேதி, இடம் ரெண்டுக்கும் இந்தச் சான்றிதழ் மட்டும்தான் ஆதாரம். ஸ்கூல் அட்மிஷன்ல ஆரம்பிச்சு ஓட்டு, பாஸ்போர்ட் வரைக்கும் இதைத்தான் கேட்பாங்க.

21 நாளுக்குள்ள பதிவு பண்ணினா இலவசம். ஒரு வருஷம் தாண்டிட்டா கோட்டாட்சியர் உத்தரவு வேணும். பெரம்பலூர் மாவட்டத்துக்கு அந்த ஆபீஸ் பெரம்பலூர்ல. அரியலூர் மாவட்டத்துக்கு அரியலூர், உடையார்பாளையம்னு ரெண்டு இடத்துல இருக்கு.

பேர் விஷயத்துல இன்னும் கவனம். பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே பதிவு முடிஞ்சுடறதால, நிறைய சான்றிதழ்ல பேர் இடம் காலியாவே இருக்கும். 12 மாசத்துக்குள்ள சேர்த்தா கட்டணம் இல்லை. அப்புறம் 15 வயசு வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

ஆஸ்பத்திரியில கொடுக்கிற ஃபார்மை அவசரத்துல யாராவது ஒரு மாமா நிரப்பிக் கொடுத்துடுவார். அப்பா இனிஷியல், அம்மா பேர் ஸ்பெல்லிங், வீட்டு விலாசம்... கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஆதாரோட வெச்சு ஒருதடவை சரிபாருங்க.