சட்டக் கல்லூரி சேரும் தம்பி, தங்கைக்கு எந்த லேப்டாப்? 70,000 ரூபாய்க்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி படிங்க



ஓசூர் சிப்காட், கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்க்கிற நிறைய பேர் வீட்டுல, முதல் சம்பளக்காரர் நீங்களாதான் இருப்பீங்க. தம்பிக்கோ தங்கைக்கோ லா காலேஜ்ல சீட் கிடைச்சதும் வர்ற முதல் கோரிக்கை: "அண்ணா, லேப்டாப் வேணும்." ஷோரூம் போனா 70,000 ரூபாய் மாடலைக் காட்டி, "நோ காஸ்ட் இஎம்ஐ சார், மாசம் 5,833தான்"னு சொல்லுவாங்க. பாசத்துல தலையாட்டிடுவோம்.

தலையாட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். சட்டப் படிப்புல கம்ப்யூட்டருக்கு இருக்கிற வேலை ரொம்பக் குறைவு: படிக்கணும், தேடணும், டைப் அடிக்கணும். பணம் உண்மையா தேவைப்படுறது படிப்பு முடிஞ்ச அப்புறம்தான். அதனால லேப்டாப்புல மிச்சம் பிடிச்சு, பிராக்டிஸ் தொடங்குற வருஷத்துக்கு எடுத்து வைக்கணும். எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

"நோ காஸ்ட்" கணக்கு

ஜீரோ பர்சன்ட் வட்டினு ஒண்ணே கிடையாது, வட்டியை வேற பேர்ல வாங்கிடுறாங்கனு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. நடக்கிறது இதுதான். கடைக்காரர் வட்டி அளவுக்கு விலையில ஒரு தள்ளுபடி கொடுப்பார். வங்கி அந்த வட்டியை உங்ககிட்ட வாங்கிக்கும். வட்டிக்கு 18% ஜிஎஸ்டி தனியா வரும்.

உதாரணத்துக்கு 70,000 ரூபாய், 12 மாசம், வங்கி வட்டி 15%னு வைங்க. உள்ளே இருக்கிற வட்டி சுமார் 5,370 ரூபாய். அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 967. ப்ராசஸிங் ஃபீஸ் 199ன்னா, ஜிஎஸ்டியோட 235. ஆக, "காஸ்ட்" இல்லாத இஎம்ஐக்கு ஏறக்குறைய 1,200 ரூபாய் கூடுதல். இதை விடப் பெரிய விஷயம், முழுப் பணமும் கையில கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்கனு நீங்க கேட்கவே இல்லை. முதல்ல அந்த விலையைக் கேளுங்க.

அரசு லேப்டாப் வருமானு பாருங்க

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல, 2 வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவோம்னு அறிவிச்சாங்க. தருமபுரி, சேலம், வேலூர்னு அரசு சட்டக் கல்லூரில சேர்ந்திருந்தா, அவங்க கோர்ஸுக்கும் வருஷத்துக்கும் வருமா, எப்போ வரும்னு காலேஜ் ஆபீஸ்லயே நேரா கேளுங்க. வரும்னா, முதல் செமஸ்டரை ஃபோன், லைப்ரரி வச்சே ஓட்டிடலாம். பெங்களூர்ல சேர்ந்திருந்தா இந்தத் திட்டத்தை நம்பி உட்கார வேண்டாம்.

வாங்கித்தான் ஆகணும்னா

கேமிங், வீடியோ எடிட்டிங் எதுவும் கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

- ரேம்: குறைஞ்சது 8 ஜிபி. 16 ஆக்க முடியும்னா நல்லது. பிரவுசர்ல பத்து தீர்ப்பு திறந்து வச்சாலே 8 ஜிபி திணறும்.
- ஸ்டோரேஜ்: எஸ்எஸ்டி கட்டாயம். 256 ஜிபி போதும், 512 இருந்தா நிம்மதி.
- கீபோர்டு: கடையிலயே ஒரு பக்கம் டைப் அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ, விரல் அதுலதான் இருக்கப் போகுது.
- எடை: ஒன்றரை கிலோவுக்குள்ள. ஓசூர்ல இருந்து பஸ்ல போய் வர்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

புதுசே வேணும்னாலும் 40,000 ரூபாய் பட்ஜெட்ல ஆரம்பிங்க. விலை மாறிக்கிட்டே இருக்கும், ஆனா இந்தத் தேவைக்கு 70,000 தேவையே இல்லை.

"பார்டர் தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடுல வாங்கினா வரி கம்மி"னு இன்னும் சிலர் சொல்றாங்க. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. லேப்டாப்புக்கு ரெண்டு பக்கமும் 18%தான். அங்கே விலை குறைஞ்சா அது கடைகளுக்குள்ள இருக்கிற போட்டியால. பில் கண்டிப்பா வாங்குங்க. சர்வீஸ் சென்டர் ஓசூர்ல இருக்கா, இல்ல ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் லீவு போட்டு பெங்களூர் ஓடணுமானு முன்னாடியே விசாரிங்க. லீவும் காசுதான்.

கம்பெனிகள் பயன்படுத்திட்டு வித்த செகண்ட்ஸ் பிசினஸ் லேப்டாப் நல்ல சாய்ஸ், ஆனா மூணு செக் பண்ணணும். ஒண்ணு, விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறையா ஓட, இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேணும். அதுக்குப் பழசு எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம். ரெண்டு, பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. மூணு, பழைய கம்பெனியோட பாஸ்வேர்டு லாக் எதுவும் இல்லைனு உங்க கண் முன்னாடியே ரீசெட் பண்ணச் சொல்லுங்க.

முக்கியமா இன்னொண்ணு: உங்க ஆபீஸ் லேப்டாப்பை "நைட்ல மட்டும் படிச்சுக்கோ"னு கொடுத்துடாதீங்க. அது கம்பெனி சொத்து. வீட்டுல யாரோ ஒரு ஃபைல் டவுன்லோட் பண்ணதுக்கு நீங்க விளக்கக் கடிதம் எழுதணுமா?

சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்காதீங்க

சட்ட மாணவருக்கு வேணும்கிறதுல பெரும்பகுதி இலவசம்.

சட்டங்கள் முழுக்க 'இந்தியா கோட்' அரசுத் தளத்துல இருக்கு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 2023 ஜனவரில தொடங்கின 'இ-எஸ்சிஆர்' இருக்கு. ஆரம்பத்துலயே சுமார் 34,000 தீர்ப்புகளை இலவசமா திறந்துவிட்டாங்க. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்துத் தேட 'இந்தியன் கானூன்'. ஒரு வழக்கு இப்ப எந்த நிலைல இருக்குனு பார்க்க 'இகோர்ட்ஸ்' ஆப்ல 16 இலக்க சிஎன்ஆர் எண் போட்டாப் போதும். எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா மாதிரி கட்டணத் தளங்களுக்கு காலேஜ் லைப்ரரில சந்தா இருக்கானு முதல்ல கேளுங்க. முதல் வருஷத்துல சொந்தக் காசு போட வேண்டாம். டைப் அடிக்க லிப்ரே ஆபீஸ் போதும். கிராக் பண்ண சாஃப்ட்வேர் மட்டும் கூடவே கூடாது. நோட்ஸோட லேப்டாப்பும் போயிடும்.

சீனியர் பென்டிரைவ்ல கொடுக்கிற நோட்ஸ்லயும் கவனம் வேணும். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிடுச்சு. 511 பிரிவு இருந்த ஐபிசிக்குப் பதிலா இப்ப 358 பிரிவுள்ள பாரதிய நியாய சன்ஹிதா. அதுக்கு முன்னாடி நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும், அதனால ரெண்டுமே தெரியணும். பழைய பிரிவு புதுசுல எங்க இருக்குனு பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 'சங்கலன்' ஆப் இலவசமா கிடைக்குது.

காசு தராம சம்பாதிக்கிற மூணு திறமை

முதல் திறமை, தமிழ் டைப்பிங். தமிழ்நாட்டு கீழமை நீதிமன்றங்கள்ல தமிழ்தான் நீதிமன்ற மொழி. தமிழக அரசு 1999ல அங்கீகரிச்ச தமிழ்99 கீபோர்டு விண்டோஸ்லயே இருக்கு. தினமும் அரை மணி நேரம் பழகினா, பின்னாடி மனு டைப் அடிக்க இன்னொருத்தருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ரெண்டாவது, டிஜிட்டல் ஆதாரம். வாட்ஸ்அப் மெசேஜ், சிசிடிவி பதிவை கோர்ட்ல கொடுக்க, பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 ஒரு சான்றிதழ் கேட்குது. அதுல ஃபைலோட 'ஹேஷ்' மதிப்பைக் குறிப்பிடணும். ஒரு எழுத்து மாறினாலும் மாறிடுற, ஃபைலோட கைரேகை மாதிரி அது. அதைக் கணக்கிட விண்டோஸ்லயே வசதி இருக்கு. படிக்கும்போதே செஞ்சு பழகினவங்களை எந்த சீனியரும் விட மாட்டார்.

மூணாவது, ஏஐ சொல்றதைச் சரிபார்க்கிறது. 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனையா கொடுத்த தீர்ப்புகளை அப்படியே தாக்கல் பண்ணி, 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்துச்சு. பக்கத்துலயே, பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயத்தோட 2024 டிசம்பர் உத்தரவு ஒண்ணுல இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றாங்க. ஏஐகிட்ட விளக்கம் கேட்கலாம். ஆனா அது சொல்ற ஒவ்வொரு தீர்ப்பையும் இ-எஸ்சிஆர்லயோ இந்தியன் கானூன்லயோ திறந்து கண்ணால பார்க்கணும்.

மிச்சமான 30,000 என்ன ஆகும்?

70,000 லேப்டாப்புக்குப் பதிலா 40,000 லேப்டாப். மாசத்துக்கு 2,500 ரூபாய் வித்தியாசம். அதை 12 மாசம் ஆர்டி போட்டு, வர்ற தொகையை ரெண்டு வருஷம் எஃப்டில வைங்க. 6.5% வட்டி கிடைச்சாலே 35,000 தாண்டும்.

இது ஏன் முக்கியம்? ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் குறைஞ்சது 20,000, மற்ற ஊர்கள்ல 15,000 உதவித்தொகை கொடுக்கணும்னு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் 2024ல தமிழ்நாடு பார் கவுன்சில் அறிவுறுத்துச்சு. அப்படி ஒரு உத்தரவு தேவைப்பட்டதே நிலைமை என்னனு சொல்லுது. பதிவு, கோட்டு, கவுன், புத்தகம், தினசரி பஸ் செலவுனு அந்த முதல் மாசங்கள்ல கையில பணம் இல்லாமதான் பல பேர் பிராக்டிஸை விட்டுட்டு வேற வேலைக்குப் போறாங்க. உங்க 35,000 சில மாசத்துக்கு அவங்களை கோர்ட்லயே நிக்க வைக்கும்.

"ப்ரோ, நானே மூணு வருஷ எல்எல்பி சேரலாம்னு இருக்கேன்"னு சொல்றவங்களுக்கு: இது ரெகுலர் கோர்ஸ், 70% அட்டெண்டன்ஸ் வேணும். வேலையில இருக்கிற மாணவர்கள் அதைத் தெரிவிச்சு, கம்பெனியோட தடையில்லாச் சான்று கொடுக்கணும்னு 2024 செப்டம்பர்ல இந்திய பார் கவுன்சில் சொல்லியிருக்கு. ஷிப்ட் வேலையோட இது ஒத்து வருமானு முடிவு பண்ணிட்டு அப்புறம் சேருங்க. சம்பளம் நிக்கப் போகுதுனா இஎம்ஐ வேண்டவே வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு: காலேஜ் ஆபீஸ்ல அரசு லேப்டாப் பத்திக் கேளுங்க, கடையில முழுப் பணம் கொடுத்தா என்ன விலைனு கேளுங்க. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கிறதையும் ஹேஷ் பார்க்கிறதையும் நம்ம சேனல் வீடியோல செஞ்சே காட்டியிருக்கோம். தம்பி, தங்கைக்கு அனுப்பி விடுங்க.