உஷார்! நீங்கள் அழித்த பாஸ்வேர்டு அழியாமல் இருக்கலாம்

சி மொழியில் லாகின் புரோகிராம் எழுதுகிறவரா? பாஸ்வேர்டை ஒரு லோக்கல் அரேயில் வாங்கி, சரிபார்த்து, கடைசி வரியில் மெம்செட் போட்டுப் பூஜ்யம் நிரப்பிவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறீர்களா? நில்லுங்கள்! ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால், ஜிசிசியோ கிளாங்கோ அந்த வரியையே தூக்கி எறிந்துவிடலாம். எரரும் வராது, பெரும்பாலும் வார்னிங்கும் வராது. சி மொழியின் ஸ்டாண்டர்டு இதை அனுமதிக்கவும் செய்கிறது.

கம்பைலரின் கணக்கு இதுதான்: 'இந்த அரேயை இனி யாரும் படிக்கப்போவதில்லை, ஃபங்ஷனும் முடியப்போகிறது. பிறகு எதற்கு இதில் எழுத வேண்டும்?' அதன் பார்வையில் நியாயம்தான். ஆனால் லோக்கல் வேரியபிள்கள் குடியிருக்கும் ஸ்டாக்கில், ஃபங்ஷன் முடிந்ததும் ஸ்டாக் பாயிண்டர் மட்டுமே நகர்கிறது. பைட்டுகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. பெருக்கித் துடைக்காமல் அடுத்தவருக்குச் சாவி கொடுக்கும் லாட்ஜ் அறை மாதிரி. அடுத்து அழைக்கப்படும் ஃபங்ஷன் அதே இடத்தில் வந்து உட்காரும். அதற்குள் புரோகிராம் கிராஷ் ஆகி கோர் டம்ப் விழுந்தால், பாஸ்வேர்டு டிஸ்க்குக்கே போய்விடும்.

மெமரியில் கிடக்கும் மிச்சம்மீதியை யார் எடுக்கப்போகிறார்கள் என்று அலட்சியம் வேண்டாம். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீடை நினைத்துப் பாருங்கள். அது ஸ்டாக் அல்ல, ஹீப். தவறும் வேறு வகை. ஆனாலும் கசிந்தது சர்வரின் மெமரியில் கிடந்த தகவல்தான், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை.

இதே ஸ்டாக்கில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. குளோபல், ஸ்டாட்டிக் வேரியபிள்களுக்கு ஆரம்ப மதிப்பு தராவிட்டால் பூஜ்யம் கிடைக்கும். சாதாரண லோக்கலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. உங்கள் கணினியில் தற்செயலாகப் பூஜ்யம் வந்து, எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும். வாடிக்கையாளரிடம் போனதும் முந்தைய ஃபங்ஷனின் குப்பை தலைகாட்டும். ஆப்டிமைசேஷனை நிறுத்திவைத்துச் சோதிப்பதையும் நம்பாதீர்கள். அப்போது அநேகமாக எல்லா வேரியபிளுக்கும் ஸ்டாக்கில் இடம் உண்டு. ரிலீஸ் பில்டில் பல வேரியபிள்கள் ரெஜிஸ்டரோடு சரி, மெமரிப் பக்கமே வருவதில்லை.

இன்றே செய்யுங்கள். லோக்கல் வேரியபிளை அறிவிக்கும்போதே மதிப்பு கொடுங்கள். ரகசியங்களை அழிக்க, லினக்ஸில் ஜிலிப்சி 2.25 முதல் உள்ள எக்ஸ்பிளிசிட்-பிஜீரோ, விண்டோஸில் செக்யூர்-ஜீரோ-மெமரி, சி23-இல் வந்த மெம்செட்-எக்ஸ்பிளிசிட் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். கம்பைலர் நீக்கக் கூடாது என்பதற்காகவே இருப்பவை இவை. ஆனால் ரெஜிஸ்டரிலோ, ஸ்டாக்கின் வேறு மூலையிலோ கம்பைலர் எடுத்துவைத்த நகல்களை இவையும் தொடுவதில்லை. சந்தேகம் இருந்தால் ரிலீஸ் பில்டை ஆப்ஜ்டம்ப்பில் பிரித்து, ஃபங்ஷன் முடியும் இடத்தில் பூஜ்யம் நிரப்பும் கட்டளை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.