தோட்டா இல்லாம ட்ரிகரை அழுத்தினா துப்பாக்கி கெட்டுப்போகுமா? 'ட்ரை ஃபயர்' பற்றி தெரிஞ்சுக்கோங்க!

தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் வசிப்பவராக இருந்தாலும் சரி, சென்னைவாசியாக இருந்தாலும் சரி, நடைமுறை ஒன்றுதான். தேர்தல் முடிந்து துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பியதும், 'நல்லா வேலை செய்யுதா?' என்று வெறுமனே ட்ரிகரை அழுத்திப் பார்க்கத் தோன்றும். இதனால் துப்பாக்கிக்கு ஏதாவது ஆகுமா?

ட்ரை ஃபயர் என்றால் என்ன?

தோட்டா இல்லாத துப்பாக்கியைக் குறிபார்த்து ட்ரிகரை அழுத்துவதுதான் ட்ரை ஃபயர். 'கிளிக்'னு சத்தம் மட்டும் வரும். கை ஆடாமல் ட்ரிகரை அழுத்திப் பழக, துப்பாக்கி சுடும் வீரர்கள் செய்யும் அன்றாடப் பயிற்சி இது. தோட்டா செலவும் கிடையாது.

எந்தத் துப்பாக்கிக்கு ஆபத்து?

தோட்டாவின் பின்பக்கத்தை ஃபயரிங் பின் என்ற ஊசி தட்டினால்தான் மருந்து பற்றும். அந்த ஊசி எந்த இடத்தில் தட்டுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

* சென்டர் ஃபயர்: ஊசி தோட்டாவின் நடுவில் தட்டும். தோட்டா இல்லாவிட்டால் ஊசி வெற்றிடத்தில்தான் போய் நிற்கும். அதனால் இன்றைய 9 எம்எம் பிஸ்டல், .32 ரிவால்வர் போன்றவற்றுக்கு எப்போதாவது செய்யும் ட்ரை ஃபயரால் பொதுவாகப் பாதிப்பு இல்லை. ரொம்பப் பழைய ரிவால்வர் என்றால் ஊசி உடைய வாய்ப்புண்டு.

* .22 ரிம் ஃபயர்: ஊசி தோட்டாவின் விளிம்பில் தட்டும். தோட்டா இல்லாவிட்டால், சேம்பரின் இரும்பு விளிம்பிலேயே போய் மோதலாம். நாளடைவில் விளிம்பு நசுங்கும், ஊசி முனை மழுங்கும், தோட்டா சிக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் பயன்படுவது .22 ரகம்தான்.

* ஏர் பிஸ்டல்: ஸ்பிரிங் வகையில் குண்டு இல்லாமல் சுட்டால், தடுக்க எதுவும் இல்லாததால் உள்ளே பிஸ்டன் வேகமாக மோதி சேதமாகும். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் வென்றாரே, அந்த 10 மீட்டர் போட்டிக்கான பிஸ்டல்களில், காற்றை வெளியேற்றாமல் ட்ரிகர் மட்டும் இயங்கும் வசதி உண்டு.

அடிக்கடி பயிற்சி செய்பவர்கள் 'ஸ்நாப் கேப்' என்ற டம்மி தோட்டாவைப் போட்டுக்கொள்ளலாம். ஊசியின் அடியை அது வாங்கிக்கொள்ளும். உங்கள் மாடலுக்கு எது சரி என்பதற்கு, துப்பாக்கியோடு வந்த கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

உண்மையான ஆபத்து எங்கே?

துப்பாக்கி கெட்டால் ரிப்பேர் செய்துகொள்ளலாம். உள்ளே மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இருந்தால்? 2024 அக்டோபர் 1-ம் தேதி மும்பை வீட்டில் நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்தது. எடுத்து வைக்கும்போது ரிவால்வர் கைநழுவி வெடித்ததாகச் சொல்லப்பட்டது. அது ட்ரை ஃபயர் அல்லதான். ஆனால் உள்ளே தோட்டா இல்லாதிருந்தால் அந்த விபத்தே நடந்திருக்காது.

பிஸ்டலில் பலரும் தவறுவது வரிசையில்தான். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே ஸ்லைடை இழுத்து சேம்பரைப் பார்க்க வேண்டும். மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால், அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றினாலும் அது உள்ளேயே இருக்கும்!

ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள். இருட்டில் விரலால் தடவியும் பார்க்கலாம். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். ஆள் இருக்கும் பக்கம் குழலைத் திருப்பவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உரிமம் இருக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது.

ஆக, ட்ரை ஃபயரால் பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் கெட்டுப்போகாது. ஆனால் 'காலியாத்தான் இருக்கும்' என்ற நினைப்போடு ட்ரிகரில் விரல் வைக்காதீர்கள். கண்ணால் பார்த்த பிறகே அது காலி!