தில்லியில் முதல் வாரம்

தில்லியில் புதிதாகக் குடியேறும் தம்பதியர்க்கு முதற்கண் வேண்டுவது இலக்கண இந்தி அன்று, கடைத்தெருக் கணக்கே. காய்கறிக்காரர் 'பாவ்' என்றால் கால் கிலோ, அஃதாவது 250 கிராம். 'டேட் ஸௌ' என்பது 150 ரூபாய்; 'டாயீ ஸௌ' 250; 'ஸாடே தீன் ஸௌ' 350. தமிழில் இருபதோடு ஒன்று சேர்ந்து இருபத்தொன்றாகும். இந்தியிலோ நூறு வரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணையும் தனிச்சொல்லாகவே மனப்பாடம் செய்தல் வேண்டும்.

அலுவலகம் செல்லும் கணவர் பேசிப் பழகிவிடுவார். வீட்டிலிருக்கும் மனைவிக்கோ, இச்சொற்கள் தெரியாவிடில் அவசரத்திற்கு மருந்து வாங்கவும் மாலைவரை காத்திருக்க நேரும். ஆகவே, நேயர்களே, முதல் வாரத்திலேயே இருவரும் சேர்ந்து சந்தைக்குச் செல்லுங்கள். 'புத் பஜார்' என்றால் புதன்கிழமைச் சந்தை. அங்கே விலையை மனைவி கேட்கட்டும். பையைக் கணவர் சுமக்கட்டும். அடுத்த புதனன்று அவர் தனியே சென்று வருவார்.