சாமான் கடையில் டயட்டீஷியனுக்கு என்ன வேலை?

இனிப்பு நீர்க்காரருக்கு டாக்டர் சொல்லும் புத்திமதி எங்கே தோற்றுப் போகிறது என்று கேட்டால், அடுப்படியில் என்றுதான் பலரும் சொல்வார்கள். அடுப்படிக்கு முன்பே, சாமான் கடையிலேயே அது தோற்றுவிடுகிறது. கூடையில் ஏறிய சாமானை வீட்டில் யாரும் குப்பையில் கொட்டப் போவதில்லை. சம்பளம் போட்ட வாரத்தில் என்ன வாங்கினோமோ, அதைத்தான் அந்த மாதம் முழுக்கச் சாப்பிடுகிறோம்.

இதை உணர்ந்து அமெரிக்காவில் சில பெரிய சாமான் கடைகள் டயட்டீஷியன்களைக் கடைக்குள்ளேயே வேலைக்கு வைத்தன. டயட்டீஷியன் என்றால் உணவுமுறை ஆலோசகர். நோய்க்குத் தக்கபடி எதை, எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்வதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர்.

இந்த வழியை முதலில் திறந்தவர்களில் ஒருவர் தொழிற்சங்கத்துப் பெண்மணி என்பதைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். எஸ்தர் பீட்டர்சன் அம்மையார் ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்தவர். 1961-இல் கென்னடி ஆட்சியில் தொழிலாளர் துறையின் உதவிச் செயலாளரானார். 1970-இல் வாஷிங்டன் வட்டாரத்து ஜயன்ட் கடைகளில் வாடிக்கையாளர் ஆலோசகராகச் சேர்ந்தார். அவர் டயட்டீஷியன் அல்ல. ஆனால் எடைக்கு என்ன விலை, எந்தத் தேதி வரை தாங்கும், உள்ளே என்ன சத்து என்பதையெல்லாம் ஜனங்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் செய்தார்.

பிறகு 2006-இல், மெயின் மாநிலத்து ஹானஃபோர்ட் கடைகளில் அலமாரிச் சீட்டிலேயே நட்சத்திரம் போட்டார்கள். நல்ல சத்துள்ள சாமானுக்கு ஒன்றிலிருந்து மூன்று நட்சத்திரம்; உப்பும் சீனியும் கொழுப்பும் மிகுந்ததற்கு ஒன்றும் கிடையாது. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட சாமான்களுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. கடையின் சொந்த முத்திரைச் சரக்கும் அதில் தப்பவில்லை! நம்ம ஊர்க் கடைக்காரர் யாராவது இப்படிச் செய்வாரா, யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட கடைகளில் டயட்டீஷியன் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதோடு நிற்பதில்லை. நோயாளியோடு வரிசை வரிசையாக நடக்கிறார். இரண்டு டின்னை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் உப்பு எவ்வளவு, அதில் எவ்வளவு, பாருங்கள்" என்கிறார். கைக்காசுக்குள் எதை வாங்கலாம் என்றும் சொல்கிறார்.

ஒரு சங்கடமும் உண்டு. அவருக்குப் படியளப்பது கடை. கேஸ் தண்ணீர் அடுக்கி வைத்திருக்கும் கடையில் நின்றுகொண்டு, "இதை வாங்காதீங்க" என்று எவ்வளவு தூரம் வாய் திறக்க முடியும்? முதலாளி சம்பளத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பேசுவார் என்பது சங்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும், யாரும் இல்லாததற்கு ஒருவர் இருப்பது மேல் என்பேன்.

நமக்கு அந்த ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சில சுகாதாரக் கிளினிக்குகளிலும் உண்டு. டாக்டர் கடிதம் கொடுத்தால் பார்க்கலாம். ஆனால் ஒரு நாள் வேலை போகிறது, பஸ் காசு போகிறது, அவ்வளவும் போட்டுப் போய், "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் நாம் தப்பாகச் சொல்லிவிட்டு வருகிறோம். பொய் சொல்வதில்லை, நமக்கே தெரிவதில்லை. ஓர் அம்மாள் என்னிடம் சொன்னார்: "ஐயா, சீனி வாங்குறதையே நிறுத்திட்டேன். டீக்கு டின்பால் மட்டும்தான் ஊத்துறேன்." அந்த டின்னில் ஏறக்குறைய பாதி சீனி! பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி ஊற்றினால் நாலைந்து தேக்கரண்டி சீனி போட்ட கணக்கு. அந்த அம்மாளுடன் கடையில் யாராவது நின்றிருந்தால், அங்கேயே விஷயம் முடிந்திருக்கும்.

2023-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையேதான் அது அதிகம்.

டயட்டீஷியன் கடைக்கு வரும்வரை அவர் வேலையில் கொஞ்சத்தை நாமே செய்யலாம். டின்னைத் திருப்பிப் பாருங்கள். மலாயில் 'குலா' என்றால் சீனி. 'காராம்' என்றால் உப்பு, நம்ம காரம் இல்லை! சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ, அதுதான் அதிக எடை. எண்களில் '100 கிராமுக்கு' என்ற வரிசையைப் பாருங்கள். இன்னொரு வரிசை, 'ஹிடாங்கான்', கம்பெனி நினைக்கும் ஒரு வேளை அளவு. நாம் சாப்பிடுவது அதைவிட அதிகமாக இருக்கும். பானத்தில் 100 மில்லிக்கு 8 கிராம் சீனி என்றால் சின்னதாகத் தெரியும். 500 மில்லி போத்தல் முழுவதும் குடித்தால் 40 கிராம். 2019 ஜூலையில் அரசாங்கம் சீனி வரி போட்டபோது இத்தகைய பானங்களுக்கு வைத்த எல்லை 100 மில்லிக்கு 5 கிராம். அதையே நீங்களும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் முதல், சீனி மிகுந்த போத்தல், டின் பானங்களில் சி, டி என்ற எழுத்தைப் போட்டாக வேண்டும்.

மீ பாக்கெட்டில் சோடியம் என்ற வரியைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. பல மீ வகைகளில் ஒரு பாக்கெட்டிலேயே அதில் பாதி போய்விடும். அந்தத் தூளைப் பாதி போடுங்கள், ஒரு முட்டையும் ஒரு பிடி கங்குங் கீரையும் சேருங்கள். பருப்பு, தெம்பே, தவுகே எல்லாம் மலிவுதான்.

இன்னொன்று. லயத்துக்கு வந்து சத்து மாவு விற்பவர்களும் தங்களை 'உணவு ஆலோசகர்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். டயட்டீஷியன் தொழில், துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கியது. பதிவு எண் கேளுங்கள். அதைக் கேட்ட மாத்திரத்தில் சிலர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிடுவார்கள்.

அடுத்த முறை டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அந்த மாதத்துக் கடை ரசீது, பால் டின், மீ உறை, பிள்ளைகள் குடிக்கும் பானத்தின் காலிப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசை மேல் வையுங்கள். மருந்துப் பையையும் மறக்க வேண்டாம்.