பி.எஃப். பென்ஷன்: எந்த வயதில் வாங்கத் தொடங்குவது?



சென்ற மாதம் ஜுமுஆ முடிந்து நெல்பேட்டை பாய் ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். வயது 55. நூல் மில்லில் 14 வருடம் வேலை பார்த்தவர். மில் மூடிவிட்டது. "58 வரைக்கும் காத்திருக்கணுமா, இப்பவே பென்ஷன் வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். "காத்திருங்கள்" என்று சொல்லத்தான் முதலில் நினைத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்ததும் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டப்படி 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் முழுப் பென்ஷன் உண்டு. பி.எஃப். பிடிக்கும் வேலையில் இல்லாதவர் 50 வயதிலிருந்தே கேட்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ, வருடத்துக்கு 4 சதவீதம் வீதம் தொகை குறையும். குறைந்தது குறைந்ததுதான், 58 ஆனதும் கூடிவிடாது.

கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை (உச்சவரம்பு 15,000 ரூபாய்) சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன் வரும். பாய்க்கு 15,000 × 14 ÷ 70, அதாவது 3,000 ரூபாய். 55-லேயே வாங்கினால் சுமார் 2,640. மாதம் 360 ரூபாய் நஷ்டம். ஆனால் 58-க்குள் அவர் கையில் 95,000 ரூபாய் வந்திருக்கும். காத்திருந்தவர் மாதம் 360 ஆக அதை எட்டிப்பிடிக்க 80 வயது ஆகிவிடும்! ஆகவே வேலையும் இல்லாமல், வட்டிக்கு வாங்கி வீட்டுச் செலவை ஓட்டுகிறவர் முன்கூட்டியே வாங்குவதில் தவறில்லை என்பதே எங்கள் கருத்து.

ஆனால் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். பென்ஷன் வாங்குபவர் வஃபாத் ஆனால் மனைவிக்கு அதில் பாதி வரும். முழுத் தொகை என்றால் 1,500, குறைத்து வாங்கியிருந்தால் 1,320. நம் வீடுகளில் மனைவி ஏழெட்டு வயது இளையவராக இருப்பது சகஜம், அவர் பல வருடம் அதை நம்பி இருக்கலாம். இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படியும் கிடையாது. கையெழுத்துப் போடுமுன் வீட்டில் கலந்து பேசுங்கள். பாய் அதுவரை பேசியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

நெருக்கடி ஒரு நிக்காஹ் செலவு போன்ற ஒரு தடவைத் தேவைதான் என்றால், அதற்காக வாழ்நாள் பென்ஷனைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். டிரஸ்டின் வட்டியில்லாக் கடனை முதலில் கேளுங்கள்.

58-க்குப் பிறகும் வேலையில் தொடர்பவர்களுக்கு விஷயம் வேறு. 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். சும்மா தள்ளிப்போட்டால் பெரிய லாபமில்லை: 3,000 என்பது 3,240 ஆகும், விட்ட 72,000 ரூபாயை ஈடுகட்ட 25 வருடம் வேண்டும். அந்த இரண்டு வருடமும் பென்ஷன் சந்தா கட்டினால் சர்வீஸ் 16 ஆகி, தொகை 3,700-ஐத் தொடும். ஒன்பது வருடத்துக்குள் ஈடாகிவிடும். உடல்நலமும் வேலையும் இருப்பவர்கள் இதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

வயதைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது இரண்டு விஷயங்கள். வேலை மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுவது ஒன்று. எடுத்தால் அந்த சர்வீஸ் கழிந்துவிடும், பிறகு 10 வருடம் சேராது. எடுக்காமல் புதிய வேலையின் கணக்குக்கு மாற்றுங்கள், அல்லது 10சி படிவத்தில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிவையுங்கள். மற்றது பெயரும் பிறந்த தேதியும். மில் பதிவில் முகமது, ஆதாரில் முஹம்மத், அத்தா பெயர் ஒன்றில் முன்னே, இன்னொன்றில் பின்னே. பிறந்த தேதியோ பள்ளியில் சேர்க்க யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. திருத்த வேண்டுமானால் பல நேரங்களில் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழி கேட்பார்கள். மில் மூடியபின் கையெழுத்துக்கு யாரைத் தேடுவது? வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

பென்ஷனுக்கு 10டி படிவம். யு.ஏ.என். இருந்தால் இணையத்திலும் போடலாம். நிரப்பத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பின் ஆதார், பேங்க் பாஸ்புக், யு.ஏ.என். எண்ணுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். முடிந்தால் வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.